பந்துக்கு ஏன் வால் முளைக்கிறது?

கையடக்க வீடியோ கேம் கருவிகளில் ஓடும் உருவங்கள் மங்குவது தற்செயல் அல்ல. 1989 முதல் இன்று வரை கம்பெனிகள் கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது. அந்தக் கணக்கு வாங்குகிறவருக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

2025 ஜூன் 5-ம் தேதி ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி ‘ஸ்விட்ச் 2’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் விலை 449.99 டாலர். 7.9 அங்குலத் திரை. அகலவாட்டில் 1,920 புள்ளிகள், உயரவாட்டில் 1,080. எல்லாவற்றுக்கும் மேலாக, விநாடிக்கு 120 முறை வரை படத்தைப் புதுப்பிக்கும் திறன். கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்கள் பெரிய மானிட்டர்களில் அனுபவித்துவந்த அந்த ‘120 ஹெர்ட்ஸ்’ இப்போது உள்ளங்கையில்.

வாங்கியவர்கள் ஆசையோடு கார் ஓட்டினார்கள். நின்று பார்த்தால் திரை பளிச்சென்றுதான் இருந்தது. வேகம் பிடித்ததும்தான் சங்கடம். பாதையோரத்து மரங்களும் வேலிகளும் ஈரச் சாயத்தின் மேல் கையை இழுத்தாற்போல் தேய்ந்தன. சில வாரங்களுக்குள் திரைகளைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒளி உணரும் கருவியை அதன் மேல் வைத்து அளந்தார்கள். ஒரு புள்ளி ஒரு நிறச்சாயலிலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 30 மில்லி செகண்டைத் தாண்டியது. 2017-ல் வந்த முதல் ஸ்விட்சின் திரைகூட இதைவிடச் சுறுசுறுப்பாக மாறியது.

30 மில்லி செகண்ட் என்பது ஒரு விநாடியில் மூன்று சதவீதம். அதற்குப் போய் இவ்வளவு புகாரா? கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சாப்பிட்ட இலையை எடுத்துத் துடைத்த பிறகுதான் அடுத்த பந்தியை உட்காரவைக்க வேண்டும். விநாடிக்கு 120 படம் என்றால் ஒரு பந்திக்குக் கிடைக்கும் நேரம் 8.3 மில்லி செகண்ட். இலை எடுப்பவரோ 30 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறார். முதல் பந்தியின் இலை போவதற்குள் நான்காவது பந்தி வந்து உட்கார்ந்துவிடுகிறது. எச்சில் இலையிலேயே புதுச் சோறு. திரையில் அந்த மிச்சம்தான் ஓடும் காருக்குப் பின்னால் நிழலாக, துள்ளும் பந்துக்குப் பின்னால் வாலாகத் தெரிகிறது.

விநாடிக்கு எத்தனை முறை புதுப் படம் வருகிறது என்பது ‘ரெப்ரெஷ் ரேட்’. வந்த படத்துக்கு ஏற்பப் புள்ளி மாறி முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்பது ‘ரெஸ்பான்ஸ் டைம்’. முன்னதைப் பெட்டியின் மேல் அச்சடிப்பார்கள். பின்னதைப் பற்றிப் பெரும்பாலும் மூச்சு விடுவதில்லை.

இது இன்று நேற்று ஆரம்பித்த விவகாரம் அல்ல. இதன் வேர் நின்டெண்டோவின் தலைமையகமான க்யோட்டோவில், 1980-களில் இருக்கிறது.

கால்குலேட்டர் தந்த யோசனை

நின்டெண்டோ சீட்டுக்கட்டு தயாரித்துக்கொண்டிருந்த 1965-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோகோய். இயந்திரங்களைப் பராமரிப்பது அவருடைய வேலை. பொழுதுபோக்காகச் செய்த பொம்மை முதலாளியின் கண்ணில் பட, பொம்மை வடிவமைப்பாளர் ஆனார். பின்னாளில் புல்லட் ரயிலில் சலிப்போடு கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்த ஒரு பயணியைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்தது 1980-ல் வெளிவந்த ‘கேம் அண்ட் வாட்ச்’. கால்குலேட்டரில் இருந்த அதே எல்.சி.டி. திரைதான், எண்களுக்குப் பதில் பொம்மைகள்.

யோகோயின் சித்தாந்தம் எளிமையானது. புத்தம் புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. நன்றாகப் பழகி, விலை இறங்கி, கோளாறுகள் தீர்ந்த தொழில்நுட்பத்தை எடு. அதற்கு யாரும் நினைக்காத ஓர் உபயோகத்தைக் கண்டுபிடி. 

கேம் அண்ட் வாட்ச் திரையில் வால் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. அதில் ஒவ்வொரு பொம்மையின் ஒவ்வொரு நிலையும் முன்கூட்டியே கண்ணாடியில் வரையப்பட்டிருக்கும். மின்சாரம் கொடுத்தால் தோன்றும், எடுத்தால் மறையும். பந்து வழுக்கிக்கொண்டு போகாது. இங்கே மறைந்து அங்கே முளைக்கும். பிற்பாடு இந்தியக் கடைத்தெருக்களில் ‘9999 இன் 1’ என்ற பெயரில் விற்ற ‘பிரிக் கேம்’ கருவியும் இந்தச் சாதிதான். அகலத்தில் 10, உயரத்தில் 20 என்று மொத்தம் 200 கட்டங்கள். கட்டம் கட்டமாகத் தாவும் செங்கலுக்கு வால் முளைக்க வாய்ப்பில்லை.

1989 ஏப்ரல் 21-ல் வந்த ‘கேம் பாய்’ வேறு ஜாதி. எந்த விளையாட்டுக்கான கேட்ரிட்ஜைச் செருகினாலும் எந்தப் படத்தையும் வரைந்து காட்ட வேண்டும். அகலத்தில் 160, உயரத்தில் 144 என மொத்தம் 23,040 புள்ளிகள். விநாடிக்குச் சுமார் 60 படம். உருவங்கள் உள்ளங்கைத் திரையில் வழுக்கி ஓடின. கூடவே வாலும் முளைத்தது.

144 தொட்டில், ஓர் ஆயா

எல்.சி.டி. என்பது திரவப் படிகத் திரை. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே எண்ணெய் போன்ற ஒரு திரவம். அதன் மூலக்கூறுகள் சுருட்டு வடிவில் நீளமானவை. முன்னும் பின்னும் ஒட்டிய இரண்டு வடிகட்டித் தாள்களுக்கிடையே ஒளி போவதும் தடைபடுவதும் இந்த மூலக்கூறுகள் எப்படித் திரும்பி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. மின்னழுத்தம் கொடுத்தால் அவை நிமிர்கின்றன. எடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இந்தத் திரும்புதலில்தான் தாமதம். நிமிர்த்துவதற்கு மின்னழுத்தம் இருக்கிறது. கூடுதலாகக் கொடுத்தால் வேகமாக நிமிரும். படுக்கவைக்க யாரும் இல்லை. திரவத்தின் சொந்த நெகிழ்வில் அவையாகவே படுக்க வேண்டும். கண்ணாடிகளுக்கு இடைப்பட்ட இடைவெளி எவ்வளவு அதிகமோ, அந்த அளவின் வர்க்கத்துக்கு ஏற்பத் தாமதம் கூடும். இடைவெளியைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசியாகும். திரவம் கெட்டியாக இருந்தாலும் தாமதம்தான். அதனால்தான் குளிர்ப் பிரதேசங்களில் எல்.சி.டி. திரை இன்னும் சோம்பேறியாகிறது. 

கேம் பாயின் மந்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 23,040 புள்ளிகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க முடியாது. குறுக்கே 144 வரிசை, நெடுக்கே 160 வரிசை என்று மின்கோடுகளைப் போட்டு, குறுக்கு வரிசைகளை ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரு வரிசைக்குக் கிடைக்கும் கவனம் மொத்த நேரத்தில் 144-ல் ஒரு பங்கு. மீதி நேரம் முழுக்க அது கேட்பாரற்றுக் கிடக்கும்.

144 தொட்டில்கள் இருக்கின்றன, ஆட்டுவதற்கு ஒரே ஓர் ஆயா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டிலை ஒரு தள்ளு தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். 144-ஐயும் முடித்துத் திரும்பி வரும்வரை முதல் தொட்டில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டுமானால் அது கனமாக இருக்க வேண்டும். லேசான தொட்டில் சீக்கிரமே நின்றுபோகும், குழந்தை அழும். அதேபோல் வேகமாக மாறும் திரவத்தை இத்தகைய திரையில் ஊற்றினால், மின்துடிப்பு திரும்பி வருவதற்குள் புள்ளி பழைய நிலைக்குச் சரிய ஆரம்பித்துவிடும். படம் வெளிறிப்போகும். ஆக, அந்தக் காலத்து மலிவுத் திரை படம் காட்டுவதற்கே ஓரளவு மந்தம் தேவைப்பட்டது!

இந்த முடிச்சை அவிழ்க்கும் முயற்சியில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிக ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம் போட்டவர் எஸ். சந்திரசேகர். சர் சி.வி. ராமனின் உறவினர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977-ல் அவருடைய குழு கண்டுபிடித்தது உலகப் புகழ் பெற்றது. அதே நிலையத்தைச் சேர்ந்த டி.என். ருக்மாங்கதன், வரிசைகளை ஒவ்வொன்றாகக் கவனிப்பதற்குப் பதில் பல வரிசைகளை ஒரே நேரத்தில் இயக்கும் முறையை 1980-களின் இறுதியில் முன்வைத்தார். நமது உவமையில் சொன்னால், ஆயா ஒரே வீச்சில் நாலைந்து தொட்டில்களை ஆட்டக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு தொட்டிலுக்கும் அடிக்கடி தள்ளு கிடைப்பதால் லேசான தொட்டிலும் நிற்காமல் ஆடும். அதாவது வேகமான திரவத்தையும் பயன்படுத்தலாம். இந்த வழியில் வேகமான திரைகள் செய்வது பற்றி ஜப்பானிய நிபுணர்களும் 1990-களில் ஆராய்ந்தார்கள்.

தெரிந்தே எடுத்த முடிவு

கேம் பாய்க்கு முதலில் யோசித்த திரை, கால்குலேட்டரில் இருப்பது போன்ற சாதாரண ரகம். நேராகப் பார்த்தால் தெரியும்; கொஞ்சம் சாய்த்தால் மறைந்துவிடும். நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சிக்கு அது பிடிக்கவில்லை. கடைசி நேரத்தில் எஸ்.டி.என். என்ற ரகத்துக்கு மாறினார்கள். சாதாரண ரகத்தில் மூலக்கூறுகள் ஒரு கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடிக்கு 90 டிகிரி முறுக்கிக்கொள்ளும். எஸ்.டி.என். ரகத்தில் அதைவிட இரண்டு மடங்கு, சிலவற்றில் மூன்று மடங்கு. பல வரிசைகள் கொண்ட திரையில் படம் அழுத்தமாக, பல கோணங்களிலும் தெரிந்தது. பதிலுக்கு வேகம் போனது.

அந்தக் காலத்து எஸ்.டி.என். திரைகளில் ஒரு மாற்றத்துக்கு 100 மில்லி செகண்டுக்கு மேல் ஆவது சர்வ சாதாரணம். அதாவது ஆறு படம் வந்துபோகும் நேரம். திரையை இரண்டு விநாடியில் கடக்கும் ஓர் உருவம் இந்த 100 மில்லி செகண்டில் 8 புள்ளி நகர்ந்திருக்கும். கேம் பாயில் ஒரு சின்னப் பாத்திரத்தின் அகலமே 8 முதல் 16 புள்ளிதான். உடம்பில் பாதி நீளத்துக்கு வால் முளைக்காமல் என்ன செய்யும்?

வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் தனி டிரான்சிஸ்டர் வைத்த டி.எஃப்.டி. திரைகள் அப்போதே உண்டு. தொட்டிலுக்கு ஓர் ஆயா என்ற ஏற்பாடு. 1990-ல் என்.இ.சி. கம்பெனி அத்தகைய வண்ணத் திரையோடு ஒரு கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ‘டர்போ எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். படம் அருமை. விலை 249.99 டாலர். ஆறு பாட்டரி மூன்று மணி நேரத்தில் தீர்ந்தது. திரைகளில் செத்த புள்ளிகள் இருப்பதாகவும் புகார்.

1989-லேயே வந்த அட்டாரியின் ‘லிங்க்ஸ்’, பின்னால் விளக்கு எரியும் வண்ணத் திரை கொண்டது. விலை சுமார் 180 டாலர். அதற்கும் ஆறு பாட்டரி. நாலைந்து மணி நேரம் ஓடும். 1990-ல் சேகா கம்பெனியின் ‘கேம் கியர்’ வந்தது. வண்ணம் உண்டு, விளக்கு உண்டு. ஆனால் திரை எஸ்.டி.என். ரகம்தான். வேகத்துக்கே பேர்போன ‘சோனிக்’ முள்ளெலி அதில் தலைதெறிக்க ஓடும்போது பின்னணிக் காட்சி கரைந்து ஓடியது. அதுவும் ஆறு பாட்டரியை மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் விழுங்கியது.

கேம் பாயின் விலை சுமார் 90 டாலர். நாலு பாட்டரி போட்டால் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். வண்ணம் இல்லை, விளக்கு இல்லை, பாசிப் பச்சைத் திரையில் நாலே நாலு சாயல். ரயிலில், பள்ளி வராந்தாவில், மருத்துவமனை வரிசையில் அது ஓடிக்கொண்டிருந்தது. மற்றவை பாட்டரிக்காகக் காத்துக்கிடந்தன. 1998-ல் வந்த வண்ண மாடலையும் சேர்த்து கேம் பாய் உலகெங்கும் சுமார் 11 கோடியே 87 லட்சம் விற்றது. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியது.

யோகோய் போட்ட கணக்கு சரிதான் என்று சந்தை சொல்லிவிட்டது. வாலைச் சகித்துக்கொள்ள மக்கள் தயார், பாட்டரி செலவை அல்ல. 1996-ல் வந்த சின்ன அளவு ‘கேம் பாய் பாக்கெட்’ கருவியில் பச்சை போய்க் கறுப்பு வெள்ளை வந்தது. வாலும் கணிசமாகக் குட்டையானது. அந்த ஆண்டே நின்டெண்டோவை விட்டு விலகிய யோகோய், 1997 அக்டோபரில் ஒரு சாலை விபத்தில் உயிரிழந்தார். 1998-ல் வண்ணத்தோடு டி.எஃப்.டி. திரையும் வந்து சேர்ந்தது. அதற்குள் அது பழகி, விலை இறங்கிய தொழில்நுட்பமாகியிருந்தது.

குறையே கருவியாக

மந்தத் திரைக்கு விளையாட்டு எழுதியவர்கள் அதோடு வாழக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் கேம் பாயோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட ‘டெட்ரிஸ்’ இதற்கு நல்ல உதாரணம். கட்டைகள் படிப்படியாக இறங்குகின்றன. பின்னணி அசைவதே இல்லை. மங்கலுக்கு வேலையே இல்லை.

இன்னும் சிலர் ஒரு படி மேலே போனார்கள். ஓர் உருவத்தை ஒரு படத்தில் வரைந்து, அடுத்த படத்தில் அழித்து, மீண்டும் வரைந்தால் வேகமான திரையில் அது படபடவென்று துடிக்கும். கேம் பாய் திரையில் புள்ளி முழுதாகக் கறுக்கவும் நேரமில்லை, முழுதாக வெளுக்கவும் நேரமில்லை. இடையில் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரிவது அரைத் திரை போட்டது போன்ற ஒரு நிழல். நாலே சாயல் உள்ள கருவியில் ஐந்தாவது சாயல் கிடைத்துவிட்டது, இலவசமாக. 1992-ல் ஜப்பானில் வெளிவந்த ‘ஸாஸ்’ என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டு இந்த வித்தையை வெகுவாகப் பயன்படுத்தியது.

அந்த வித்தை இன்று ஒரு தலைவலி. பழைய விளையாட்டுகளைப் புதிய போன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் ஓட்டுகிறவர்கள் பளிங்கு போன்ற திரையில் அவற்றைப் பார்க்கிறார்கள். மென்மையான நிழலாக இருந்தது இப்போது கண்ணைக் குத்தும் துடிப்பாகத் தெரிகிறது. எனவே பழைய கருவிகளைப் போல நடிக்கும் மென்பொருள்களில், அடுத்தடுத்த இரண்டு படங்களை வேண்டுமென்றே கலந்து காட்டும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். போக்குவதற்குப் பத்து வருஷம் பாடுபட்ட மங்கலை, மறுபடி கஷ்டப்பட்டு உண்டாக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றைப் பிடித்தால் ஒன்று

டி.எஃப்.டி. வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2004 டிசம்பரில் சோனியின் ‘பி.எஸ்.பி.’ வந்தபோது அதன் 4.3 அங்குலத் திரையைப் பார்த்து அசந்து போனவர்களே, இருட்டான காட்சிகளில் நிழல் இழுபடுவதாகக் குறைப்பட்டார்கள். எல்.சி.டி. புள்ளிகள் எல்லா மாற்றங்களையும் ஒரே வேகத்தில் செய்வதில்லை. பக்கத்துப் பக்கத்துச் சாயல்களுக்கிடையே மாறும்போது தள்ளும் மின்னழுத்தம் குறைவு, நேரம் கூடுதல். இருட்டுக் காட்சிகளில் பெரும்பாலும் இத்தகைய சின்ன மாற்றங்கள்தான்.

2008-ல் வந்த பி.எஸ்.பி. 3000 மாடலில் சோனி திரையை வேகப்படுத்தியது. நிழல் குறைந்தது. பதிலுக்கு, அசையும் படத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. சீர்திருத்தத்தின் பக்கவிளைவு அது என்று சோனியே ஒப்புக்கொண்டது. 

2011-ல் வந்த ‘விட்டா’வில் சோனி ஓ.எல்.இ.டி. திரையைப் போட்டது. இதில் திரவமும் இல்லை, திரும்பிப் படுக்க வேண்டிய மூலக்கூறும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் விளக்கு. ஒரு மில்லி செகண்டின் சின்னப் பகுதியில் மாறிவிடும். ஆனால் 2013-ல் வந்த அடுத்த விட்டா மாடலில் சோனி மறுபடி எல்.சி.டி.க்கே திரும்பியது. கருவி மெலிந்தது, எடை குறைந்தது, பாட்டரி கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றது. மீண்டும் அதே கணக்கு.

நின்டெண்டோவும் 2021-ல் ஸ்விட்சுக்கு ஓர் ஓ.எல்.இ.டி. மாடல் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் வால்வ் கம்பெனி ‘ஸ்டீம் டெக்’ கருவிக்கு ஓ.எல்.இ.டி. திரை போட்டபோது, 0.1 மில்லி செகண்டுக்கும் குறைவான ரெஸ்பான்ஸ் டைம் என்று விவரப் பட்டியலிலேயே எழுதியது. ஸ்விட்ச் 2 மறுபடி எல்.சி.டி.க்குப் போனது.

எல்.சி.டி.யை வேகப்படுத்த ஒரு குறுக்குவழி உண்டு. புள்ளி போகவேண்டிய சாயலுக்குத் தேவையானதைவிடக் கூடுதல் மின்னழுத்தத்தை ஒரு கணம் கொடுத்து, உடனே குறைப்பது. ‘ஓவர்டிரைவ்’ என்பார்கள். வண்டி மாடு கிளம்பும்போது ஒரு தட்டுத் தட்டுவது போல. அளவோடு கொடுத்தால் வேகம் கூடும். அதிகமானால் புள்ளி இலக்கைத் தாண்டிப்போய், கறுப்பு வாலுக்குப் பதில் வெள்ளை வால் தெரியும். அதற்குக் கொஞ்சம் மின்சாரமும் செலவாகும். ஸ்விட்ச் 2-ன் திரையில் இந்த உந்துதல் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கக்கூடும் என்பது சோதித்தவர்களின் கணிப்பு. நின்டெண்டோ சொல்லும் பாட்டரி நேரம், விளையாட்டைப் பொறுத்து சுமார் 2 முதல் 6.5 மணி. அந்த இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றுவதில் எது தியாகம் செய்யப்பட்டது என்பதை ஊகிப்பது கஷ்டமல்ல.

கண்ணின் பங்கு

எல்லாப் பழியையும் திரையின் தலையில் போடுவதும் நியாயமில்லை. பழைய படக்குழாய் டி.வி.யில் ஒவ்வொரு புள்ளியும் மின்னல் போல ஒரு கணம் ஒளிர்ந்து அணைந்துவிடும். இன்றைய எல்.சி.டி.யும் ஓ.எல்.இ.டி.யும் அப்படியல்ல. ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை அசையாமல் பிடித்துவைத்திருக்கும். ஆனால் ஓடும் காரைப் பின்தொடரும் நம் கண் நிற்பதில்லை. நிற்கும் படத்தின் மேல் நகரும் கண். விழித்திரையில் படம் இழுபடுகிறது.

ஸ்விட்ச் 2 திரையை இரண்டு விநாடியில் கடக்கும் ஒரு கார் விநாடிக்கு 960 புள்ளி நகர்கிறது. விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16 புள்ளி. புள்ளிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறினாலும்கூட, இந்த 16 புள்ளி அகலத்துக்கு, அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டருக்கு, மங்கல் இருந்தே தீரும். விநாடிக்கு 120 படம் என்றால் அது 8 புள்ளியாகக் குறைய வேண்டும். 120 ஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதன் அர்த்தமே இதுதான். ஆனால் புள்ளி மாற 30 மில்லி செகண்ட் ஆனால், அதற்குள் கார் 29 புள்ளி போய்விடுகிறது. 120 ஹெர்ட்ஸ் தந்த லாபத்தை மந்தப் புள்ளி திருப்பி வாங்கிக்கொள்கிறது.

அதற்காக 120 ஹெர்ட்ஸ் வெறும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. பொத்தானை அழுத்தியதும் பலன் சீக்கிரம் தெரியும். அசைவு தடங்கலின்றி ஓடும். தெளிவு மட்டும் வாக்களித்த அளவுக்கு வராது.

கடையில் என்ன பார்க்கலாம்?

விவரப் பட்டியலில் ரெஸ்பான்ஸ் டைம் இருந்தாலும் அப்படியே நம்ப வேண்டாம். பல மாற்றங்களில் எது மிக வேகமோ அதை மட்டும் சொல்வது வழக்கம். மாற்றத்தின் முதல் பத்து சதவீதத்தையும் கடைசிப் பத்து சதவீதத்தையும் அளவில் சேர்க்காமல் விடுவதும் உண்டு. எல்லாச் சாயல்களுக்குமான சராசரிதான் உபயோகமான எண்.

கண்ணையே நம்பலாம். நிற்கும் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். எழுத்துகள் நிறைந்த பட்டியலை மிதமான வேகத்தில் மேலும் கீழும் நகர்த்தி, ஓடும்போதே ஒரு வரியைப் படிக்க முயலுங்கள். இருட்டுக் காட்சியில் பாத்திரத்தை இடமும் வலமுமாக ஓடவிட்டு, பின்னால் நிழல் வருகிறதா என்று பாருங்கள். கையில் உள்ள போன் கேமராவில் மெது அசைவு வசதி இருந்தால் திரையைப் படம் பிடியுங்கள். பழைய உருவம் புதியதற்குள் கரைவது தெளிவாகத் தெரியும். 

எல்லாருக்கும் இது முக்கியமா என்றால், இல்லை. சதுரங்கம் ஆடுபவருக்கும் புதிர் போடுபவருக்கும் மந்தத் திரை ஒரு பொருட்டே அல்ல. கார்ப் பந்தயம், சண்டை, வேகமாக ஓடித் தாவும் விளையாட்டுகள் என்றால் நிச்சயம் முக்கியம். எதிராளி எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதை மங்கலுக்குள் தேட வேண்டியிருந்தால் கண் சீக்கிரம் களைத்துப்போகும்.

மந்தத் திரையைப் போடுவது குற்றமல்ல. விலை, பாட்டரி, எடை, தெளிவு எல்லாமும் ஒரு கைக்குள் அடங்க வேண்டுமென்றால் ஏதோ ஒன்றைக் கழித்தாக வேண்டும். யோகோய் கழித்தது தெளிவை. ஆனால் அவர் எதையும் மறைக்கவில்லை. கேம் பாயைக் கடையில் கையில் எடுத்தவருக்கே தெரிந்தது: பச்சைத் திரை, நாலு சாயல், ஓடினால் வால். பதிலுக்கு விலை சக கருவிகளில் பாதி, பாட்டரி பல மடங்கு. கொடுப்பது என்ன, பெறுவது என்ன என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்த பேரம்.

36 வருஷம் கழித்து விலை ஐந்து மடங்காகியிருக்கிறது. பெட்டியின் மேல் 120 என்ற எண் பெரிதாக மின்னுகிறது. அதற்குப் பக்கத்தில் வரவேண்டிய 30 என்ற எண்ணை வாங்கியவர்களே அளந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்த கருவியை வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி சின்னது: ‘திரை விநாடிக்கு எத்தனை படம் காட்டும் என்பது சரி. ஒரு படத்தை அழிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?’ போதுமான பேர் கேட்டால், அந்த எண்ணும் ஒரு நாள் பெட்டியின் மேல் ஏறும்.